விடு என்று சொன்னது நான்

என் பெயர், தகப்பனார் பெயர், ஐம்பத்து மூன்று என்ற வயது, வீட்டு முகவரி ஆகியவை ஒன்றரை மாதத்துக்கு முன்பு இதே நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே சரியானவை. அந்த வாக்குமூலத்தில் சரியாக இருப்பவை அவை மட்டும்தான். மற்றதைத் திருத்திச் சொல்வதற்காக இன்று காலை பத்து மணிக்கு நானாகவே வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை. வக்கீல் யாரையும் கலந்து பேசவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைப் பத்தொன்பது வருடங்களாக நடத்திவருகிறேன். பள்ளி என்றால் ஒரு அறை, ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு அட்டை, ஒரு கார், அவ்வளவுதான். முதலாளி, வாத்தியார், காலையில் அறையைக் கூட்டுகிறவன் எல்லாம் நானே. கடைத்தெருவில் என்னை ‘ரெண்டு பிரேக் வாத்தியார்’ என்பார்கள். பள்ளிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் என் காலடியில் ஒரு பிரேக் இருப்பதால் வந்த பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் பள்ளி வண்டி இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை.

பிறகு சொல்லப்போவது புரிவதற்காக என் பாடமுறையை இங்கே பதிவு செய்யச் சொல்கிறேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்துவிட்டால் கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே அழுத்துவார்கள், பெரும்பாலும் அது ஆக்சிலேட்டராக இருக்கும். ஆகவே ஆபத்து வந்தால் பிரேக்கைத் தேடாதே, நான் ‘விடு’ என்று சொன்னதும் எல்லா மிதிகளிலிருந்தும் இரண்டு கால்களையும் எடுத்துவிடு, வண்டியை நிறுத்துவது என் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அதன் பிறகு பதினைந்து நாள் மைதானத்தில் இதே பழக்கம்தான். வீட்டுக் கதை பேசிக்கொண்டே வருவேன், திடீரென்று ‘விடு’ என்பேன். யோசிக்காமல் கால் மேலே வர வேண்டும். மற்ற பள்ளிக்காரர்கள் இது தப்பான முறை, பிரேக் போடத்தான் பழக்க வேண்டும் என்று சொன்னதுண்டு. அவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வழக்கில் ஓட்டுநராகக் காட்டப்பட்டிருக்கும் நாற்பத்தொரு வயதுப் பெண் என்னிடம் இரண்டு மாதம் படித்தவர். பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை பார்ப்பதால் நான் ‘பேக்கரி அம்மா’ என்றுதான் கூப்பிடுவேன். தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் அவரோடு இருக்கிறார்கள், நால்வருக்கும் அவர் சம்பளம்தான். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறப்போவதால், லைசென்ஸ் எடுத்தால் அந்த வேலை உனக்கு என்று பேக்கரி முதலாளி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலை நாலு மணிக்கு வேலைக்குப் போய், ஒன்பது மணிக்கு முடித்து, கையில் மாவு வாசனையோடு நேராக வகுப்புக்கு வருவார். ‘விடு’ பாடத்தில் அவரைப் போல் யாரும் தேறியதில்லை. என் வாயிலிருந்து ‘வி’ வருவதற்குள் இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கில் இடிக்கும்.

சம்பவம் நடந்த அன்று பள்ளிக் கார் கிளட்ச் மாற்றுவதற்காக ஒர்க் ஷாப்பில் நின்றது. அவருக்கு லைசென்ஸ் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு வகுப்பு என்னால் தள்ளிப்போயிருந்தது. ஆகவே என் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது. எல் போர்டும் மாட்டவில்லை. முதல் வாக்குமூலத்தில் வகுப்பு முடிந்துவிட்டது, சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா கெஞ்சினார், நான் இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று சொன்னேன். அது பொய். அது வகுப்பு. வண்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தியது நான்.

அவர் ஏறுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அதை அப்படியே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். “சார், இதுலயும் உங்க பக்கம் பிரேக் இருக்கில்ல?” என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை என்றால் அவர் பயப்படுவார், வகுப்பு கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். வாத்தியாரிடம் ஒன்று இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்பது மீதிக் காரணம். “நான் பக்கத்துல இருக்கறப்ப உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் கவலை?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அதன் பிறகு அரை மணி நேரம் நன்றாகவே ஓட்டினார். காலை பத்தரை மணி சுமாருக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டிலிருந்து கடைத்தெருவை நோக்கி இறங்கும் சரிவில் வந்தோம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது கியர் விழவில்லை, வண்டி நியூட்ரலில் இறங்கியது. இது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது. அவர் பதறவில்லை. காலைப் பிரேக்கில் வைத்து மெல்ல அழுத்தினார், வண்டியும் வேகம் குறையத் தொடங்கியது. நான் எப்போதும் சாலையைப் பார்ப்பதைவிட மாணவர்களின் காலைத்தான் பார்ப்பேன். ஆகவே அவர் கால் பிரேக்கின் மேல் இருந்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஆக்சிலேட்டரின் மேல் இல்லை.

அப்போது பக்கத்துச் சந்திலிருந்து அட்டைப்பெட்டி ஏற்றிய ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. இன்னும் இருபதடி தூரம் இருந்தது. அவர் அழுத்திக்கொண்டிருந்த வேகத்துக்கு வண்டி நின்றிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. “விடு” என்று கத்தினேன். அவர் உடனே இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார். நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். அங்கே தரையில் விரித்த ரப்பர் மிதியடி மட்டும்தான் இருந்தது. இரண்டாவது முறையும் மிதித்தேன். பிரேக்கை விட்ட வண்டி சரிவில் வேகம் பிடித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து “சார்” என்று மட்டும் சொன்னார். காலை மீண்டும் வைக்கவில்லை. நான் சொல்லவில்லை, அதனால் வைக்கவில்லை. அதன் பிறகு தள்ளுவண்டிக்காரர் மேல் ஏறிவிடும் என்று நான் கை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நடைபாதையில் ஏறி, அச்சகத்து மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வைத்துக் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேல் மோதிப் படியில் இடித்து நின்றது.

ஹேண்ட் பிரேக்கை ஏன் இழுக்கவில்லை என்று அதிகாரி கேட்கிறார். அது எனக்கும் அவருக்கும் நடுவில், என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வண்டியை நிறுத்துவது பத்தொன்பது வருடமாக என் கால் செய்துவந்த வேலை, கைக்கு அந்தப் பழக்கமே இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்டதால் சொல்கிறேன். வேறு யாராவது வீட்டுக் காரை ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தால் வெறும் மிதியடியை மிதிப்பதைப் பார்த்து என் மனைவியும் மைத்துனரும் பல தடவை சிரித்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

வண்டி நின்றதும் பேக்கரி அம்மா கதவைத் திறந்து ஓடினார். கடிகாரக்காரர் கவிழ்ந்த மேசைக்கு அடியில் கிடந்தார். வலது மணிக்கட்டு திரும்பிப் போயிருந்தது. அந்த வலியிலும் அவர் கடிகாரம், கடிகாரம், அடுத்தவர் பொருள் என்று சொல்லிக்கொண்டிருந்ததால், அந்த அம்மா அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுக் கண்ணாடித் தூளில் மண்டியிட்டுத் திருகாணியும் பல்சக்கரமுமாகப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் போட்டார். நான் இறங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். என் காலடியில் சுருண்டு போயிருந்த மிதியடியைச் செருப்புக் காலால் தேய்த்து நேராக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அந்த நிலையிலும், இல்லாத பிரேக்கை மிதித்த தடயத்தை மறைக்க மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது.

அதன் பிறகு ஆட்டோவில் மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். கடிகாரக்காரருக்கு மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருப்பதாகவும், கம்பி வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வெளி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பேக்கரி அம்மா என்ன சார் ஆச்சு, ஏன் நிக்கலை என்று கேட்டார். வண்டியில் என் பக்கம் பிரேக் இல்லை என்று அவருக்கு அப்போதும் தெரியாது. நான் அவரிடம் சொன்னது இது: “நீங்க காலை எடுக்கலைம்மா. ஆக்சிலேட்டரை அழுத்திட்டீங்க. நான் மிதிச்சும் கேக்கலை.” அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். “எடுத்த மாதிரிதானே சார் இருந்துச்சு” என்றார். பயத்துல யாருக்கும் தெரியாதும்மா, எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் என்றேன். அதட்டிச் சொல்லவில்லை. தோளைத் தட்டாத குறையாக ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் அதை நம்பினார். வாத்தியார் சொன்னதால் நம்பினார்.

அன்று மதியம் இங்கே வந்து முதல் வாக்குமூலம் கொடுத்தேன். வீட்டுக் காரில் வகுப்பு எடுத்தது தெரிந்தால் பள்ளியின் அனுமதி போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பள்ளிக் கார்தான் எங்கள் வீட்டுச் சோறு. பேக்கரி அம்மாவிடமும் அன்றே கேட்டு எழுதினீர்கள். நான்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சேனாம், சார் சொல்றார் என்று அவர் சொன்னது எனக்கு இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நன்றாகக் காதில் விழுந்தது. ‘சார் சொல்றார்’ என்பதை விட்டுவிட்டு மீதியை எழுதிக்கொண்டீர்கள்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் அலுவலர் வந்து பார்த்துவிட்டு, எல் போர்டு இல்லாமல் பழகுநரை ஓட்டவிட்டதால் நஷ்ட ஈடு கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு யார் கொடுப்பது என்ற பேச்சு இங்கே இந்த மேசையைச் சுற்றித்தான் நடந்தது. கடிகாரக்காரரின் தம்பி, நான், பேக்கரி அம்மா மூவரும் இருந்தோம். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே, செஞ்சது நான், ஆஸ்பத்திரிச் செலவும் கை சரியாகிற வரைக்கும் அவர் வருமானமும் நான் கொடுத்துடறேன் என்றார். பேக்கரியில் முன்பணம் வாங்கி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். என் வண்டியின் முன்பக்கச் சேதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், அதை அவரிடம் கேட்கப்போவதில்லை என்று நான் சொன்னேன். அதைக் கேட்டு எல்லோரும் எனக்குப் பெரிய மனசு என்றார்கள். கடிகாரக்காரரின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீங்க அப்ப எங்க மிதிச்சீங்க?” என்றாள். உனக்கென்ன தெரியும், வாயை மூடு என்று கத்தினேன். இருபத்தேழு வருடத்தில் அவளை அப்படிப் பேசியதில்லை. அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிரித்துப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் பழம் வாங்கிக்கொண்டு கடிகாரக்காரரைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் இடுக்கி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானைத் தூக்கித் தூக்கி வைத்தார், ஒவ்வொரு முறையும் நழுவியது. கட்டு பிரித்தாலும் பழைய நிதானம் கைக்கு வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம். அவர் என்னைத் திட்டவில்லை. “அந்தம்மா வாராவாரம் வருது. ரொட்டி கொண்டாருது. நீங்க இப்பத்தான் வழி கண்டுபிடிச்சீங்க போல” என்றார். பிறகு அந்தம்மாகிட்ட நான் கோபப்படலேன்னு சொல்லுங்க, ரொம்ப அழுவுது என்றார். சொல்கிறேன் என்று வந்தேன். சொல்லவில்லை.

அந்த அம்மா லைசென்ஸ் பரீட்சைக்குப் போகவில்லை. ரொட்டி வேன் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இதையெல்லாம் நான் கேள்விப்பட்டுக்கொண்டே தினமும் வகுப்பு எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது என்றும், குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்க அவர் சம்மதித்துவிட்டார் என்றும் சென்ற வாரம் தெரியவந்தது. அப்போதும் நான் வரவில்லை.

நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்கு அவரே பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன், நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் ஒரு மணி நேரம் பள்ளி வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். “ஓட்டறதுக்கு இல்ல சார். நீங்க விடுன்னு சொல்லுங்க. என் கால் எடுக்குதான்னு பாக்கணும்” என்றார். நீதிமன்றத்தில் எழுதிக்கொடுப்பதற்கு முன் அது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

மைதானத்துக்குப் போனோம். பேசிக்கொண்டே சொன்னேன், எடுத்தார். பேசாமல் இருந்து சொன்னேன், எடுத்தார். கத்திச் சொன்னேன், முணுமுணுத்தேன், எல்லாவற்றுக்கும் எடுத்தார். அவர் எண்ணிக்கொண்டு வந்தார், பதினாலு என்றார். அதன் பிறகு தண்ணீர்த் தொட்டிச் சரிவுக்குப் போகலாம் என்று அவரே கேட்டார். அதே சந்துக்கு முன்னால் நான் ‘விடு’ என்றேன். அதற்கும் எடுத்தார். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, அன்னைக்கும் இதே மாதிரிதான் சார் இருந்துச்சு என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. “இப்ப உங்களுக்குப் பயம் இல்லையேம்மா” என்று சொன்னேன். அவர் எஞ்சினை அணைத்தார். அப்ப பயந்தா என் கால் என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியாது, இனிமே வண்டியைத் தொடக் கூடாது, தெருவுல நடக்கறவங்களுக்காவது நல்லது என்றார். பிறகு இறங்கி, ஒரு மணி நேரத்துக்கான பீஸை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார் என்று வாங்கினேன். அவர் மேட்டில் ஏறி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்துப் போனார், வழுக்குகிற தரையில் நடப்பவர்போல. நல்ல காய்ந்த சாலை அது.

என்னைத் திருடன் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வேன், திருடனாவது ஒருவர் பையில் இருப்பதைத்தான் எடுக்கிறான். நான் அந்த அம்மாவின் காலையே அவர் நம்பாதபடி செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதிக்கொள்ளத் தேவையில்லை என்று அதிகாரி சொல்கிறார், எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடிகாரக்காரரின் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, உடைந்த பெட்டி, அதற்குள் இருந்த அடுத்தவர் கடிகாரங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. பேக்கரி அம்மா இதுவரை கொடுத்ததை அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் நானே பொறுப்பு. பள்ளிக் காரை விற்கத் தரகரிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். அனுமதி ரத்தாகும் என்பதும், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்குத் தனி வழக்கு வரும் என்பதும் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்தது. போன வேன் வேலைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை நேற்றே அந்த அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு என் பதில்: உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே நிலையத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லி அவரை வரச் சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை நான் இந்த நாற்காலியிலேயே இருக்கிறேன்.

அவ்வாறே அவர் உள்ளே அழைக்கப்பட்டு, முதல் வரியிலிருந்து அவர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். பணத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பேசவில்லை.

“அப்ப நான் எடுத்தேன்தானே சார்?” என்றார்.

“எடுத்தீங்கம்மா. சொன்ன உடனே எடுத்தீங்க” என்றேன்.

“பிரேக்குல இருந்துதான் எடுத்தேன்?”

“பிரேக்குல இருந்துதான்.”

அதன் பிறகு அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். இந்த நாலு வரியையும் சேர்த்து எழுதும்படி அதிகாரியைக் கேட்டார். எழுதியதும் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து, விரலை வைத்து மெல்லப் படித்தார். படித்துவிட்டு, முன்பணத்தை அடைக்க இப்போது பார்க்கும் பகல் வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

இதில் உள்ளவை யாவும் நான் சொல்ல எழுதப்பட்டவை. யாருடைய மிரட்டலுக்கும் தூண்டுதலுக்கும் இடமில்லாமல் சுயநினைவோடு சொன்னவை. எனக்கும், யாருக்கு எதிராக முன்பு பொய் சொன்னேனோ அவருக்கும் படித்துக் காட்டப்பட்டவை. உண்மை என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)